கப்பலா, பூங்காவா? – கோடை விடுமுறைக்கு முன் ஒரு குடும்பக் கணக்கு



பங்குனி வெயில் ஏறத் தொடங்கும்போதே, நகரங்களில் வாழும் நம் வீடுகளில் ஒரு கேள்வி எழும்பிவிடுகிறது. "இந்த ஆண்டு விடுமுறைக்கு எங்கே போகிறோம்?" முற்காலத்தில் இதற்கு ஒரே பதில்தான் இருந்தது: "ஊருக்கு." பெங்களூரிலிருந்து ஐலண்ட் விரைவு வண்டியிலோ, சென்னை எழும்பூரிலிருந்து அனந்தபுரி விரைவு வண்டியிலோ இடம் பிடித்து, நெய்யாற்றின்கரைப் பக்கமோ பாறசாலைப் பக்கமோ வந்து சேர்ந்துவிட்டால் விடுமுறை தொடங்கிவிடும். கிணற்றடியும் பலாமரமும் பாட்டியின் அடுக்களையும் போதுமானவையாக இருந்தன.

இன்று நிலைமை மாறிவிட்டது. பிள்ளைகளின் வகுப்புத் தோழர்கள் கப்பலில் சென்று வந்த படங்களைக் காட்டுகிறார்கள். வேறு சிலர் ரோலர் கோஸ்டரில் தலைகீழாகச் சுழன்ற கதையைச் சொல்லுகிறார்கள். தவணையில் பணம் செலுத்தலாம் என்ற விளம்பரங்கள் கைப்பேசிக்கே வந்து சேருகின்றன. ஆகவே, "கப்பலா, பூங்காவா?" என்ற விவாதம் சாப்பாட்டு மேசையிலேயே நடக்கிறது. ஆண்டு முழுவதும் உழைக்கும் தகப்பனுக்குக் கிடைப்பதோ எட்டு அல்லது பத்து நாள் விடுப்பு. சேமிப்பில் இருப்பதோ அளவான தொகை. ஊரிலே எழுபது வயதைக் கடந்த தாயார் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், இது சிறுபிள்ளைகளின் விளையாட்டுக் கேள்வி அல்ல என்பது விளங்கும்.

எது அதிக அதிசயமானது என்பதை வைத்து இதைத் தீர்மானிக்க இயலாது. குடும்பத்தில் யார் யார் அதிலே பங்குபெற முடியும், எத்தனை மணி நேரம் ஒருவரோடொருவர் இருக்க முடியும், திரும்பி வந்தபின் கையிலும் கணக்கிலும் என்ன மிஞ்சும் என்பவற்றை வைத்தே தீர்மானிக்க வேண்டும். அதற்கு இரண்டையும் உள்ளபடி அறிந்துகொள்வது அவசியம்.

இளைப்பாறுதல் தவறா?

முதலாவது ஒரு தயக்கத்தை நீக்கிவிடுவோம். உல்லாசப் பயணமே உலகப்பிரகாரமானது என்று எண்ணுகிற மூத்தவர்கள் நம் சபைகளில் உண்டு. அவர்களுடைய கவலையிலே நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், ஊழியத்தில் களைத்துத் திரும்பிய சீஷர்களை ஆண்டவர் தனிமையான இடத்துக்கு அழைத்துச் சென்ற செய்தி மாற்கு சுவிசேஷத்தில் இருக்கிறது. இளைப்பாறுதல் மனிதனுக்குத் தேவை. எப்படி இளைப்பாறுகிறோம், யாரை விட்டுவிட்டு இளைப்பாறுகிறோம் என்பவையே நாம் கேட்டுக்கொள்ள வேண்டியவை.

கப்பல் எத்தகையது?

நம் முன்னோருக்குக் கப்பல் என்றால் பிழைப்புக்கான பயணம். 1926 முதல் 1973 வரை கடலில் ஓடிய 'ரஜூலா' என்ற கப்பல் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆயிரக்கணக்கான தமிழரைக் கொண்டு சென்றது. பெரும்பாலோர் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துச் சென்றார்கள். அந்தக் கடலை இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் குளிரூட்டப்பட்ட அறையின் சன்னலிலிருந்து பார்க்கும் காலம் வந்திருக்கிறது.

இந்தியக் கடற்கரையில் 'கோர்டீலியா' நிறுவனம் 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து உல்லாசக் கப்பல் பயணங்களைத் தொடங்கியது. அதன் 'எம்பிரஸ்' கப்பல் புதியதன்று. 1990-இல் 'நார்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்காகக் கடலில் இறங்கியது. பதினொரு தளங்களைக் கொண்டது. 2022 ஜூன் மாதத்தில் தமிழக முதலமைச்சர் சென்னைத் துறைமுகத்திலிருந்து அதன் பயணத்தைத் தொடங்கிவைத்தார். 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கும் சென்றது. சென்னைப் பயணங்கள் ஜூனில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அரபிக்கடல் கொந்தளிக்கிறது. கிழக்குக் கடற்கரை அப்பொழுது ஓரளவு அமைதியாக இருக்கிறது. கப்பலின் கால அட்டவணை ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், பள்ளி விடுமுறைக்குள் புறப்பாடு இருக்கிறதா என்பதை முதலில் கேட்டறிய வேண்டும்.

நெய்யாற்றின்கரை வட்டத்திலுள்ள விழிஞ்ஞத்தில் பெரிய துறைமுகம் வந்துவிட்டதே, அங்கிருந்து ஏறலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 2025 மே 2-ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அந்தத் துறைமுகம் சரக்குப் பெட்டகங்களை ஏற்றி இறக்குவதற்காகக் கட்டப்பட்டது. உல்லாசக் கப்பலுக்கு நம் மக்கள் சென்னைக்கோ கொச்சிக்கோ மும்பைக்கோதான் செல்ல வேண்டியிருக்கும். அந்தப் போக்குவரத்துச் செலவும் கணக்கில் சேரும்.

கப்பலின் நன்மைகள் என்ன? ஒருமுறை பெட்டியை அறையில் வைத்துவிட்டால் பயணம் முடியும்வரை அதைத் தூக்க வேண்டியதில்லை. முதன்மை உணவகங்களில் மூன்று வேளை உணவும் கட்டணத்திலேயே அடங்கும். அம்மாவுக்குச் சமையல் இல்லை. அப்பாவுக்கு வண்டி ஓட்டுதல் இல்லை. முதியவர்களுக்கு மின்தூக்கி உண்டு, கப்பலிலே மருத்துவர் உண்டு. நடுக்கடலில் கைப்பேசி அலை கிடைக்காது. இதைச் சிலர் குறையென்பார்கள். நானோ பெரிய நன்மை என்பேன். மூன்று நாள் யாரும் யாரையும் விட்டு ஓட முடியாது என்பதே கப்பலின் சிறப்பு.

குறைகளும் உண்டு. விளம்பரத்தில் காணும் தொகை பெரும்பாலும் முழுத்தொகை அல்ல. துறைமுகக் கட்டணம், வரி, பணியாளர் அன்பளிப்பு, இறங்கும் ஊர்களில் சுற்றிப்பார்க்கும் கட்டணம், இணைய வசதி ஆகியவை தனித்தனியே வரும். சன்னல் இல்லாத உள்ளறைக்கும் கடல் தெரியும் அறைக்கும் விலையில் மிகுந்த வேறுபாடு உண்டு. இலங்கை செல்லும் பயணமானால் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தைக்கும்கூட, பாஸ்போர்ட் வேண்டும்; விசா விதிகளையும் விசாரிக்க வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளையும், கருத்தரித்து இருபத்துநான்கு வாரம் கடந்த தாய்மாரையும் பல நிறுவனங்கள் ஏற்றிக்கொள்வதில்லை. தலைச்சுற்றலும் வாந்தியும் சிலரைப் படுக்கையில் தள்ளிவிடும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்திலுள்ள அறையில் ஆட்டம் குறைவு. மருத்துவரைக் கேட்டு மாத்திரையும் கொண்டுசெல்லலாம்.

நம்மவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய மற்றொன்று: அந்தக் கப்பலில் மதுக்கூடமும் சூதாட்டக் கூடமும் உண்டு. 2022 ஜூனில் சூதாட்டத்தைக் குறித்து எதிர்ப்பு எழுந்ததால், சென்னையிலிருந்து சென்ற கப்பலுக்குப் புதுச்சேரியில் அனுமதி கிடைக்கவில்லை. அங்கே நுழையும்படி யாரும் நம்மைக் கட்டாயப்படுத்துவதில்லை என்பது உண்மை. ஆனால் வளரும் பிள்ளைகள் அந்த வாசலை ஒரு நாளில் பத்துமுறை கடந்து செல்வார்கள். "அது என்ன அப்பா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதைப் புறப்படும் முன்பே பெற்றோர் பேசி வைத்திருக்க வேண்டும்.

பூங்கா எத்தகையது?

கேளிக்கைப் பூங்காவின் வரலாறே ஒரு தகப்பனுடைய ஏக்கத்திலிருந்து தொடங்குகிறது. வால்ட் டிஸ்னி தம் இரு மகள்களையும் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் குதிரை இராட்டினத்துக்கு அழைத்துச் செல்வார். பிள்ளைகள் சுற்றுவார்கள், அவரோ பெஞ்சில் தனியே உட்கார்ந்திருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழும் இடம் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது என்று அவரே பின்னாளில் கூறினார். 1955 ஜூலை 17-ஆம் தேதி திறக்கப்பட்ட டிஸ்னிலேண்ட் அந்த எண்ணத்தின் விளைவு.

நம் பக்கத்தில் சென்னை தாம்பரம் அருகே 'கிஷ்கிந்தா' 1995-இல் வந்தது. பாலக்காட்டு மலம்புழையில் 1998-இல் ஒரு பூங்கா வந்தது. கொச்சியை அடுத்த பள்ளிக்கரையில் 2000-ஆம் ஆண்டில் 'வி-கார்டு' நிறுவனர் கொச்சௌசேப் சிட்டிலப்பள்ளி தொடங்கிய 'வீகாலேண்ட்' இன்று 'வொண்டர்லா' என்ற பெயரில் இயங்குகிறது. அதே நிறுவனம் 2005-இல் பெங்களூருக்கு அருகிலுள்ள பிடதியிலும், 2016-இல் ஐதராபாத்திலும், 2025 டிசம்பரில் சென்னைக்கு அருகே இள்ளலூரிலும் பூங்காக்களைத் திறந்தது. ஆகவே, நம் வாசகர்களில் பலருக்குப் பூங்கா ஒரு நாள் தூரத்திலேயே இருக்கிறது. இதுவே அதன் முதல் நன்மை. விடுப்பு தேவையில்லை, ஒரு சனிக்கிழமை போதும். செலவும் கப்பலோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. பத்து வயது முதல் பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய மகிழ்ச்சி வேறில்லை.

ஆனாலும் சில காரியங்களை அறிந்தே செல்ல வேண்டும். பூங்காக்களில் பிள்ளைகளுக்கான சலுகை பெரும்பாலும் வயதைக்கொண்டு அல்ல, உயரத்தைக்கொண்டு கணக்கிடப்படுகிறது. வேகமான இராட்டினங்களுக்கும் உயர வரம்பு உண்டு. அண்ணன் ஏறுவான், தம்பி ஏற முடியாது. தம்பியோடு அம்மா கீழே நிற்பார்கள். இதய நோய், முதுகுவலி, இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பல இராட்டினங்களில் ஏறக் கூடாது. கோடை விடுமுறையில், அதிலும் ஞாயிற்றுக்கிழமைகளில், ஐந்து நிமிட இராட்டினத்துக்கு வெயிலில் நீண்ட வரிசை நிற்கும். வரிசையைத் தாண்டிச் செல்லத் தனிக் கட்டணச் சீட்டு உண்டு. அதை வாங்கினால் குடும்பத்தின் செலவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். வெளியுணவுக்கு அனுமதி இல்லை. நீர் விளையாட்டுகளில் பருத்தி உடைக்கு அனுமதி இல்லாததால், உடலை மூடும் நைலான் உடைகளை முன்னதாகவே வாங்கி வைத்துக்கொள்வது நம் சகோதரிகளுக்கு நல்லது. வாசலில் வாங்கினால் விலையும் அதிகம், தெரிவும் குறைவு.

பாதுகாப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2016 மே மாதத்தில் சென்னைப் புறநகர்ப் பூங்கா ஒன்றில் இராட்டினத்தைச் சோதித்துப் பார்த்தபோது ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். பூட்டுக் கம்பி சரியாக விழாத இருக்கையில் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். "பரவாயில்லை, உட்காருங்கள்" என்று யார் சொன்னாலும் இறங்கிவிடுங்கள்.

இரண்டுக்கும் உள்ள மெய்யான வேறுபாடு

பூங்கா குடும்பத்தை உயரத்தின்படியும் வயதின்படியும் பிரிக்கிறது. கப்பல் குடும்பத்தை ஓரிடத்தில் சேர்க்கிறது. பூங்காவில் நாளின் பெரும்பகுதி வரிசையில் கழிகிறது. கப்பலில் பெரும்பகுதி ஓய்வில் கழிகிறது. பூங்கா ஒரு நாளையும் சிறிய தொகையையும் கேட்கிறது. கப்பல் ஒரு வாரத்தையும் பெரிய தொகையையும் கேட்கிறது.

ஆனால் இந்த வேறுபாடும் தானாக நிலைத்துவிடுவதில்லை. 2024 ஜனவரியில் அமெரிக்காவிலிருந்து முதல் பயணம் புறப்பட்ட 'ஐகான் ஆஃப் தி சீஸ்' என்ற மாபெரும் கப்பலில் ஆறு நீர்ச்சறுக்குகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. கப்பலே பூங்காவாகிவிட்டது! அப்படிப்பட்ட கப்பலில் அப்பா ஒரு தளத்தில், பிள்ளைகள் ஒரு தளத்தில், பாட்டி அறையில் என்று குடும்பம் சிதறிப்போகவும் கூடும். அதேபோல, வரிசையில் நிற்கும் முக்கால் மணி நேரத்தில் தந்தையும் மகனும் ஆண்டு முழுவதும் பேசாத காரியங்களைப் பேசிவிடவும் கூடும். இடம் வாய்ப்பைத் தரும். அதைப் பயன்படுத்துவது நாம்.

நான்கு கேள்விகள்

ஆகையால், முன்பணம் செலுத்துவதற்கு முன்பு ஒரு தாளை எடுத்து, கீழ்க்கண்ட நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுதுங்கள்.

1. நம் குடும்பத்தில் மிகவும் பலவீனமானவர் யார்? மூன்று வயதுப் பேரனா, முழங்கால் வலியுள்ள பாட்டியா, ஏழாம் மாதக் கர்ப்பிணியா? அவரை மையமாக வைத்துத் திட்டமிடுங்கள். பலமுள்ளவர்கள் எங்கேயும் மகிழ்ந்துவிடுவார்கள். பலவீனமானவருக்கு ஏற்ற இடத்தில் மற்ற அனைவருக்கும் இடம் உண்டு. பலமுள்ளவருக்கு மட்டும் ஏற்ற இடத்தில் பலவீனமானவர் பையைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "பாட்டி பையைப் பார்த்துக்கொள்ளட்டும்" என்று முடிவாகும் பயணம் குடும்பப் பயணம் ஆகாது.

2. விடுப்பு எத்தனை நாள்? போகும் நாளையும் வரும் நாளையும் கழித்துவிட்டு எண்ணுங்கள். பெங்களூரில் இருப்பவர் சென்னையில் கப்பல் ஏற வேண்டுமானால், ஐந்து இரவுப் பயணம் ஏழு நாளாகிவிடும். பத்து நாள் விடுப்பில் ஊருக்கு மிஞ்சுவது மூன்று நாள். அதிலும் இரண்டு இரவு இரயிலில் போகும். அண்ணன் சென்னையில், தங்கை பெங்களூரில் என்றால், பள்ளி திறக்கும் நாள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதையும் பார்க்க வேண்டும்.

3. பணம் கையில் இருக்கிறதா, கடனில் வருகிறதா? ஒரு இலட்சம் ரூபாயை ஆண்டுக்கு 15 சதவீத வட்டியில், இரண்டு ஆண்டுத் தவணைக்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மாதந்தோறும் ஏறத்தாழ 4,850 ரூபாய் கட்ட வேண்டும். முடிவில் கட்டிய தொகை சுமார் 1,16,400 ரூபாய். வட்டி மட்டும் 16,400 ரூபாய். அந்தத் தொகையைக் காட்டிலும் பெரிய காரியம் ஒன்று உண்டு: அடுத்த இரண்டு கோடைகளிலும் நீங்கள் பழைய விடுமுறைக்கே பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். பிள்ளையின் பள்ளிக் கட்டணமும், ஊரிலிருக்கும் தாயாரின் மருந்துச் செலவும் அதே சம்பளத்திலிருந்துதான் வர வேண்டும். கடன் வாங்கிக் கப்பலேற வேண்டாம். ஓராண்டு சேமித்து, அடுத்த ஆண்டு செல்லுங்கள். மாதம் 4,850 ரூபாய் கடனுக்குக் கட்ட முடிகிறவருக்கு, அதையே சேமிக்கவும் முடியும். 21 மாதங்களில் ஒரு இலட்சம் சேர்ந்துவிடும்.

4. ஞாயிற்றுக்கிழமை எங்கே இருப்போம்? கப்பல் சனிக்கிழமை புறப்பட்டால் ஆராதனை நாள் கடலில் வரும். அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. குடும்பமாக அறையிலே கூடி ஜெபிக்கலாம். பூங்காவுக்கோ வாரநாளில் செல்லலாம். வாரநாளில் கூட்டமும் குறைவு. சில பூங்காக்களில் கட்டணமும் குறைவு. ஆராதனையைக் காக்கிற தீர்மானம் இங்கே பணத்தையும் காக்கிறது.

ஊரிலேயே இருக்கும் நீரும் விளையாட்டும்

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. விடுமுறையை ஊரிலே கழிக்கிற குடும்பத்துக்கு நீர்ப்பயணமும் விளையாட்டும் அங்கேயே கிடைக்கின்றன. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில எல்லை வரையப்பட்டபோது விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. உறவுகளோ இருபுறமும் இருக்கின்றன. ஆகவே நம் பிள்ளைகள் ஒரே வாரத்தில் இரு மாநிலங்களையும் பார்த்துவிடலாம்.

அகத்தியமலையில் பிறக்கும் நெய்யாறு 56 கிலோமீட்டர் ஓடி, பூவாற்றில் அரபிக்கடலைச் சேருகிறது. அங்கே சதுப்புநிலக் காடுகளின் நிழலில் படகில் சென்று, ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டைப் பார்க்கலாம். மேலே 1958-இல் திறக்கப்பட்ட நெய்யாறு அணைக்கட்டும் தோட்டமும் உண்டு. பழைய நினைவில் சிங்கம் பார்க்கலாம் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அங்கே சிங்கங்கள் இப்போது இல்லை. நீர் விளையாட்டே வேண்டுமென்றால் திருவனந்தபுரம் மாவட்டத்து வெம்பாயத்தில் 'ஹேப்பிலேண்ட்' பூங்கா இருக்கிறது. பாறசாலையிலிருந்து இரயிலேறினால் காலையில் கன்னியாகுமரி சென்று இரவுக்குள் திரும்பலாம். பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகில் கடலைக் கடந்து, 2000 ஜனவரி 1-இல் திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலையைக் காணலாம். அதையும் விவேகானந்தர் பாறையையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30-இல் திறக்கப்பட்டது. காலடியில் அலை மோதுவதைப் பிள்ளைகள் கண்ணாடி வழியே பார்க்கலாம். காற்று பலமாக வீசும் நாளில் படகு ஓடாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் படகு தானே என்று அலட்சியம் கூடாது. 2007 பிப்ரவரி 20-இல் தட்டேக்காட்டில் படகு மூழ்கி, சுற்றுலா சென்ற பள்ளிப் பிள்ளைகள் 15 பேரும் ஆசிரியர்கள் மூவரும் மாண்டார்கள். 2009 செப்டம்பர் 30-இல் தேக்கடி ஏரியில் 45 பேர் உயிரிழந்தனர். 2023 மே 7-ஆம் தேதி, ஒரு ஞாயிறு மாலையில், மலப்புறம் மாவட்டம் தானூரில் 22 பேர் மாண்டனர். அவர்களில் பதினொருவர் ஒரே குடும்பத்தார். அந்தப் படகில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள். இருட்டிய வேளையிலும் ஓட்டியிருந்தார்கள்.

ஆகையால் பூவாற்றிலோ வேறெங்கிலுமோ படகேறும் முன் நான்கு காரியங்களைப் பாருங்கள். படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதப்பட்டிருக்கிறதா? ஒவ்வொருவருக்கும், சிறு பிள்ளைக்கும் அதன் அளவில், உயிர்காக்கும் மேற்சட்டை உண்டா? கரையிலேயே அதை மாட்டி வார்களை இறுக்கியாயிற்றா? சூரியன் மறையும் முன் திரும்பிவிடுவோமா? இவற்றில் ஒன்றுக்கு "இல்லை" என்ற பதில் வந்தாலும் கரையில் நின்று காற்று வாங்கிக்கொண்டு திரும்பிவிடுங்கள். படகு ஓடும்போது படம் எடுப்பதற்காக எல்லாரும் ஒரே பக்கம் சாயக் கூடாது. ஆறு கடலில் கலக்கும் பொழிமுகத்தில் இழுப்பு அதிகம். பார்வைக்கு அமைதியாக இருந்தாலும் அங்கே குளிக்க இறங்கக் கூடாது.

எப்படித் தீர்மானிப்பது?

தாய், தகப்பன், வளர்ந்த பிள்ளைகள் மட்டுமே உள்ள குடும்பமானால், அதுவும் விடுப்பும் சேமிப்பும் குறைவாக இருந்தால், பூங்காவைத் தெரிந்துகொள்ளுங்கள். வசிக்கும் நகரத்துக்கு அருகிலுள்ள பூங்காவுக்கு ஒரு வாரநாளில் சென்று வந்துவிட்டு, மிஞ்சிய விடுப்பை முழுவதும் ஊருக்குக் கொடுங்கள். சிறு குழந்தைகள் உள்ளவர்கள் இரண்டையும் சில ஆண்டுகள் ஒத்திப்போடலாம். மூன்று வயதுப் பிள்ளைக்குக் கிணற்றுத் தண்ணீரும் கோழிக்குஞ்சும் போதும்.

கப்பல் யாருக்குப் பொருந்தும்? பெற்றோரின் ஐம்பதாவது திருமண நாள் போன்ற சமயத்தில், வெவ்வேறு நகரங்களில் சிதறிக் கிடக்கும் பிள்ளைகள் அனைவரும் சேர்ந்து, முதியவர்களையும் அழைத்துக்கொண்டு செல்லும் பயணத்துக்கு அது பொருந்தும். எல்லாரும் நகரத்திலிருந்து கிளம்ப, முதியவர்கள் மட்டும் ஊரிலே தனித்திருப்பார்களானால், அந்தக் கப்பல் உங்களுக்குரியதல்ல. முதியவர்கள் ஏற மனமற்றிருந்தால் வற்புறுத்தாதீர்கள். அவர்களோடு பூவாற்றில் ஒரு மாலை செல்லுங்கள். அவர்கள் படகில் ஏறாமல் கரையில் உட்கார்ந்து, நீங்கள் போய்த் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அது அவர்களுக்கு மகிழ்ச்சியே.

கப்பல் அடுத்த ஆண்டும் வரும். பூங்கா இன்னும் பெரிதாகும். பிள்ளைகளுக்கு இராட்டினம் ஏறும் உயரமும் வந்துவிடும். ஆனால், இந்த ஆண்டு ஊர்த் திண்ணையில் காத்திருப்பவர் அடுத்த ஆண்டும் அங்கே இருப்பார் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஒத்திவைக்கக் கூடியதை ஒத்திவையுங்கள். ஒத்திவைக்க முடியாததை முதலில் நாட்காட்டியில் குறியுங்கள். பிறகு மீதமுள்ள நாட்களுக்கும் பணத்துக்கும் ஏற்றபடி கப்பலையோ பூங்காவையோ தெரிந்துகொண்டால், எதைத் தெரிந்துகொண்டாலும் மனக்குறை இராது.

இன்று இரவு குடும்ப ஜெபம் முடிந்ததும், அந்த நான்கு கேள்விகளையும் தாளில் எழுதி நடுவில் வையுங்கள். வீட்டிலே இளையவர் முதலில் பேசட்டும். பின்பு ஊருக்குத் தொலைபேசியில் அழைத்து, மூத்தவரையும் கேளுங்கள். அவர் பெரும்பாலும், "உங்களுக்கு எது வசதியோ அப்படிச் செய்யுங்கள், மக்களே" என்றுதான் சொல்லுவார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் விருப்பத்தையும் கேட்டறிந்து, அதன்பின் முன்பணம் செலுத்துங்கள்.